காட்டனின் கணக்கு

பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1803 மே மாதம் பிறந்து 1899 ஜூலையில் இறந்தார். 96 வயது. அவர் பிறந்தபோது தஞ்சாவூர் அரண்மனையில் இரண்டாம் சரபோஜி இருந்தார். தஞ்சை நாடு கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போய் நான்கு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அவர் இறந்தபோது கும்பினி ஆட்சி முடிந்து 41 வருடம் ஆகிவிட்டது. பாரதி காசியில் இருந்த பதினாறு வயதுப் பையன். ஒரே ஆயுள் இவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது.

1821இல் இந்தியாவுக்கு வந்தவர், 1860இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அது 39 வருடம். அதற்குப் பிறகு இன்னொரு 39 வருடம் உயிரோடு இருந்தார். முதல் 39 வருடத்தில் கட்டினார். இரண்டாவது 39 வருடத்தில் வாதாடினார். சிலை வைத்தவர்கள் எல்லோரும் முதல் பாதிக்காகத்தான் வைத்தார்கள். கல்லணையில் நிற்பதும் அந்தக் காட்டன்தான், கோதாவரிக் கரையில் ஊருக்கு ஊர் நிற்பதும் அந்தக் காட்டன்தான். என் மனதை விட்டுப் போக மறுப்பவர் இரண்டாம் பாதியின் காட்டன்: எழுபத்தைந்து வயதில், பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், லண்டனில் ஒரு நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து தண்ணீருக்காகப் பேசித் தோற்றுப்போன கிழவர். அவர் ஏன் தோற்றார் என்பதைப் புரிந்துகொள்ள முதல் பாதிக்குள் போய்த்தான் வரவேண்டும். அந்தத் தோல்வியின் விதை அங்கேதான், அவருடைய வெற்றிகளுக்கு அடியிலேயே கிடக்கிறது.

அவர் ஒரு பெரிய குடும்பத்தில் பத்தாவது மகன். சகோதரர்களில் ஒருவர் படைத்தளபதி, ஒருவர் அட்மிரல், ஒருவர் ஆக்ஸ்போர்டில் வூஸ்டர் கல்லூரியின் தலைவர். இவர் பதினைந்து வயதில் கும்பினியின் ராணுவப் பள்ளியான ஆடிஸ்கோமில் சேர்ந்து, மதராஸ் பொறியாளர் படைக்கு அதிகாரியாக வந்தார். அன்று கும்பினியிடம் பொதுப்பணித் துறை என்று தனியாக ஒன்று கிடையாது. பாலமும் ஏரியும் வாய்க்காலும் பட்டாளத்துப் பொறியாளர்களின் பொறுப்பு. தென்மாவட்ட ஏரிப் பராமரிப்பில் உதவியாளராக வேலை தொடங்கினார். கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று நம்முடைய ஏரிக்கரைகளில்தான் அவர் தொழில் பழகினார். பாம்பன் கால்வாயில் கப்பல் போக வழி உண்டா என்று அளந்து பார்த்ததும் அந்த நாட்களில்தான்.

1824இல் முதல் பர்மா யுத்தம் தொடங்கியது. இருபத்தொரு வயதில் காட்டன் அங்கே போனார். பர்மியர்கள் மரத்தை நட்டு எழுப்பிய அரண்களை ஏணி வைத்து ஏறிப் பிடிக்க வேண்டும். அப்படி ஏறும் ஆட்களுக்கு வழிகாட்டி முன்னால் ஓடுவது பொறியாளர் அதிகாரியின் வேலை. அதைச் செய்தார், உயிரோடு திரும்பினார். அந்த யுத்தத்தில் கும்பினிப் படையினர் சண்டையில் செத்ததைவிடக் காய்ச்சலிலும் கழிச்சலிலும் செத்தது அதிகம். காட்டனுக்கும் உடம்பு கெட்டது. அதற்குப் பிறகு வேலைக்காலம் முழுக்க அவர் நோயாளி என்றே சொல்லலாம். திரும்பத் திரும்ப விடுப்பு எடுத்துக் கப்பலேறினார். அப்படி ஒருமுறை உடம்பு தேற டாஸ்மேனியாவுக்குப் போன இடத்தில்தான் 1841இல் திருமணம் நடந்தது. முப்பது வயதைத் தாண்டுவாரா என்று பார்த்த எவருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அவரோ 96 வரைக்கும் போனார்.

1828இல் கேப்டன் பதவியும் காவிரிப் பாசனப் பொறுப்பும் அவரிடம் வந்தன. அங்கே அவருக்காகக் காத்திருந்த சிக்கலைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் கடலுக்கு ஓடுகிற ஆறு. காவிரியோ மெல்ல நடந்து, கிளை கிளையாகப் பிரிந்து, வயல் வயலாக நுழைந்து போகிற ஆறு. தண்ணீருக்கு எப்போதும் சரிவுதான் பிடிக்கும். ஒவ்வொரு வெள்ளத்திலும் கொள்ளிடம் இன்னும் ஆழமானது. காவிரியின் வாயில் மணல் மேடிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு வருடமும் கொரம்பு என்ற தற்காலிகத் தடுப்பைப் போட்டும் மணலை வெட்டியும்தான் காவிரிக்குள் தண்ணீரைத் திருப்ப முடிந்தது. இப்படியே விட்டிருந்தால் காவிரி ஒருநாள் மழைக்கால ஓடையாகச் சுருங்கி, தஞ்சாவூரின் வயல்கள் தரிசாகியிருக்கும். நதி தன் தடத்தை மாற்றிக்கொள்வது இயற்கைதான். ஆனால் அந்தப் பழைய தடத்தை நம்பி ஒரு நாகரிகமே அங்கே உட்கார்ந்திருந்தது.

தீர்வு என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: கொள்ளிடத்தின் தலையில் குறுக்கே ஒரு சுவர் வைக்க வேண்டும். தண்ணீரைத் தேக்குவதற்கான சுவர் இல்லை. கொஞ்சம் உயர்த்திக் காவிரிப் பக்கம் திருப்பினால் போதும், மிச்சம் அதன் மேலேறி ஓடிவிடலாம். ஆனால் எதன்மேல் அதை நிறுத்துவது? அடியில் பாறை இல்லை. எவ்வளவு தோண்டினாலும் மணல். பாறையில் அடித்தளம் போட்டுப் பழகிய ஐரோப்பியப் பொறியியலுக்கு அந்த மணல் ஒரு பயம்.

விடை கீழே, தீவின் கிழக்கு முனையில், பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கி வருகிற இடத்தில், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுக்கிற கல்லணை. ஏறக்குறைய 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், வளைந்து போகிற ஒரு கற்குவியல். கல்லணைக்கு மேலே சேர்கிற மணலை வெளியேற்ற அதன் உடம்பில் மதகு வெட்டும் வேலை 1830ஐ ஒட்டி நடந்தது. அதைச் செய்தபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காட்டன் பார்த்தார். செதுக்கிய கல் இல்லை, சுண்ணாம்புக் காரை இல்லை. கரடுமுரடான கற்கள், இடையில் களிமண். ஆற்றில் பெரிய கல்லைப் போட்டால் அதன் அடியிலுள்ள மணலைத் தண்ணீர் அரித்தெடுக்கும், கல் இறங்கும். அதன்மேல் இன்னொன்று போட்டால் அதுவும் இறங்கும். இனி இறங்க முடியாது என்கிற நிலை ஒன்று வரும். அங்கிருந்துதான் கட்டுமானம் தொடங்குகிறது. கட்டியவர்கள் மணலோடு சண்டை போடவில்லை, மணல் ஓய்கிற வரைக்கும் கல்லைக் கொடுத்திருக்கிறார்கள்.

காட்டனைப் பற்றி நான் மதிக்கிற விஷயங்களில் முதலாவது, இதை அவர் மறைக்கவில்லை என்பது. ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டின் பழைய கட்டுமானக்காரர்களிடம்தான் கற்றோம் என்று பின்னாளில் அச்சிலேயே எழுதினார். அந்த வித்தை கிடைத்ததனால்தான் பாலங்களும் அணைகளும் ஆகக் குறைந்த செலவில் எழுந்தன என்றும், இப்படிப்பட்ட வேலைகள் பழுதாகிக் கிடந்ததைத் தன் நாட்டார் கவனிக்காமல் விட்டது வெட்கம் என்றும் அவர் சொன்னார். 1870களில் ஒரு ஆங்கிலத் தளபதி இப்படிச் சொல்வது சாதாரணம் இல்லை. ராஜ்ஜியத்தின் தலைநகரங்களில் அப்போது ஓங்கியிருந்த பேச்சு நேர் எதிரானது.

கொள்ளிடத்தின் தலையில் அந்தச் சுவர், மேலணை, 1836இல் எழுந்தது. மணலில் வரிசையாகக் கிணறு இறக்கி, அவற்றின்மேல் குட்டையான சுவர். சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் அடிமண்ணைப் பறிக்காமலிருக்க, கீழ்ப்பக்கம் கற்களைப் பரப்பிய விரிப்பு. அதே காலத்தில் கொள்ளிடத்தில் வெகுதூரம் கீழே கீழணையும் கட்டப்பட்டது. நம் ஊர்க்காரர்கள் அணைக்கரை என்று சொல்வது அதைத்தான். அங்கிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் வீராணம். சோழர் வெட்டிய ஏரி, காட்டன் கட்டிய அணை, இன்று சென்னைக்காரர் திறக்கிற குழாய், மூன்றும் ஒரே தண்ணீரில் தொடர்ந்திருக்கின்றன.

வேலை ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. மேலணை எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. அதுவே அடுத்த சிக்கலானது. காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் புகுந்து படுகையை அரிக்கத் தொடங்க, சில வருடங்களில் கொள்ளிடச் சுவரில் ஒரு பகுதியைத் தாழ்த்தினார்கள். காவிரியின் தலையிலும் படுகை மட்டத்தில் ஒரு தடுப்புப் போட்டார்கள். ஆற்றில் கட்டுமானம் என்பது கட்டி முடிக்கிற காரியம் இல்லை, கட்டிவிட்டுக் கவனிக்கிற காரியம்.

கோதாவரிக் கதை ஆந்திரர்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1832–33இல் குண்டூர்ப் பக்கம் கொடும்பஞ்சம். 1839இல் கோரிங்காவைப் புயல் அடித்து நொறுக்கியது. பெரிய ஆறு ஒன்று நிறைந்து கடலுக்கு ஓட, அதன் கரையிலேயே மக்கள் பட்டினி கிடந்தார்கள். உடல் தேறித் திரும்பி விசாகப்பட்டினத்தில் இருந்த காட்டனை அங்கே அனுப்பினார்கள். 1844இல் அறிக்கை கொடுத்தார். 1847இல் வேலை தொடங்கி 1852இல் முடிந்தது. தவளேஸ்வரம், ராலி, மத்தூர், விஜ்ஜேஸ்வரம் என்று தீவுகளுக்கு இடையே நான்கு துண்டுகளாக, எல்லாம் சேர்த்து இரண்டு மைலுக்கு மேல் நீளமான அணை. முக்கொம்பில் கற்ற வித்தையேதான், அளவு மட்டும் பல மடங்கு. உள்ளூர் ஆட்களைத் திரட்டி வேலையை ஓட்டிய வீணம் வீரண்ணாவின் பெயரை ஆந்திரர்கள் காட்டனோடு சேர்த்தே சொல்கிறார்கள். அது நியாயமான பழக்கம். முக்கொம்பில் கல் சுமந்தவர்கள், கிணறு இறக்கியவர்கள், ஒட்டர்கள், கொத்தர்கள் என்று யார் பெயரையும் நாம் அப்படிச் சொல்வதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோதாவரி அணைக்குக் கும்பினியை எப்படிச் சம்மதிக்க வைத்தார் காட்டன்? மக்கள் சாகிறார்கள் என்று சொல்லி இல்லை. அது லண்டனில் இருந்த இயக்குநர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தஞ்சாவூரைப் பாருங்கள், அணைக்கு இவ்வளவு செலவானது, வரி வசூல் இவ்வளவு ஏறியது, நூற்றுக்கு இத்தனை லாபம் என்று சொல்லித்தான். கும்பினி ஒரு வியாபாரக் கம்பெனி. அதற்கு விளங்கும் பாஷை வட்டி மட்டுமே. காட்டன் அந்தப் பாஷையைப் பிழையில்லாமல் பேசினார். 1854இல் இந்தியாவின் பொதுப்பணிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் கருணையும் கணக்கும் பக்கத்துக்குப் பக்கம் கைகோத்து நடக்கின்றன. அவரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் முரண் இல்லை. தண்ணீர் கொடுத்தால் ரயத்து பிழைப்பான், ரயத்து பிழைத்தால் சர்க்காருக்கு வரி வரும். பக்தியுள்ள கிறிஸ்தவர் அவர். நல்ல காரியம் செய்தால் பலன் கிடைக்கும்படிதான் கடவுள் உலகத்தைப் படைத்திருக்கிறார் என்று முழுமனதோடு நம்பினார்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது. முக்கொம்பில் ஒரு குட்டைச் சுவர் வைத்ததும் தஞ்சாவூரில் அவ்வளவு வருமானம் ஏன் வந்தது? அங்கே ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மைல் வாய்க்கால் இருந்தது. அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு என்று கிளையாறுகள். கிளையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி, கன்னியிலிருந்து வயலின் மடை. ஊரே கூடி வருடா வருடம் தூர்வாரிய குடிமராமத்து. எந்த மடை எந்த நாள் திறப்பது என்கிற முறை. இவற்றையெல்லாம் வெட்டி, சமப்படுத்தி, பழக்கமாக்கிய நூற்றாண்டுகளின் உழைப்பு எந்தக் கும்பினிப் பேரேட்டிலும் செலவாக எழுதப்படவில்லை. காட்டன் காட்டிய லாபத்தில் பெரும்பங்கு சோழநாட்டு முகம் தெரியாத ஆட்கள் போட்ட முதலுக்கான வட்டி. அடித்தளம் போடும் வித்தைக்கு அந்த முன்னோர்களுக்கு நன்றி சொன்னவர், வருமானக் கணக்கில் அவர்களை மறந்துவிட்டார்.

அதன் விலையை அவர் ஓய்வு பெற்ற பிறகு கொடுத்தார். 1858 வாக்கில் தனியார் மூலதனத்தில் பாசனக் கம்பெனிகள் கிளம்பின. அவற்றின் பின்னாலிருந்த பெயர் காட்டன். துங்கபத்திரையிலிருந்து கர்நூல் வழியாகக் கடப்பைக்குக் கால்வாய் வெட்டியது மதராஸ் பாசனக் கம்பெனி. பத்து லட்சம் பவுன் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி தருவதாக அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்திருந்தது. கால்வாயில் தண்ணீர் வந்தது. ஆனால் வாங்க ஆள் வரவில்லை. அது கரிசல் பூமி. சோளமும் பருத்தியும் மழையை நம்பியே விளைகிற மண். வழக்கமான வருடத்தில் அந்த விவசாயிக்குக் கால்வாய்த் தண்ணீர் தேவையில்லை; தேவைப்படுகிற வருடத்துக்கு வயலைச் சமன் செய்து வாய்க்கால் போட்டு வைக்க அவனிடம் பணமும் இல்லை. ஆயிரம் வருட வாய்க்கால் அங்கே முன்கூட்டிக் காத்திருக்கவில்லை. கம்பெனி நொடித்து, 1882இல் அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. ஒரிசாவில் மகாநதிக் கரையில் தொடங்கிய கம்பெனி அதற்கு முன்பே, 1860களின் முடிவில், அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதற்கு நடுவில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876இல் தொடங்கி 1878 வரை. மதராஸ் ராஜதானியில் மட்டும் செத்தவர்கள் பல லட்சம். சேலம், பெல்லாரி, கர்நூல், கோயம்புத்தூர் என்று உள்நாட்டு மாவட்டங்கள் வெறிச்சோடின. நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று இந்திய அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். எலும்பும் தோலுமானவர்கள் அந்தக் கூலிக்கு மண் சுமந்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். அதே இரண்டு வருடத்தில் தஞ்சாவூர் டெல்டாவும் கோதாவரி டெல்டாவும் கிருஷ்ணா டெல்டாவும் தாங்கி நின்றதோடு, வெளியே நெல்லும் அனுப்பின. காட்டனுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ரயிலுக்குக் கொட்டிய கோடிகளில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கொடுத்திருந்தால் இவர்கள் செத்திருக்க மாட்டார்கள் என்று 1877இல் துண்டுப் பிரசுரம் எழுதினார். ரயில் தானியத்தைக் கொண்டுவரும், உண்டாக்காது. வாங்கக் காசில்லாதவனுக்குக் கொண்டுவந்து குவித்த தானியத்தால் என்ன பயன் என்பது அவருடைய வாதத்தின் உயிர். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அவர் பக்கம் நின்று எழுதினார். மதராஸில் பத்திரிகை ஆசிரியராக இருந்து பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த வில்லியம் டிக்பியும் அவர் பக்கம் நின்றார். 1830களில் செங்குன்றத்திலிருந்து சாலைக்குக் கல் கொண்டுவர இந்தியாவின் முதல் இருப்புப்பாதைகளில் ஒன்றைப் போட்டவரே இந்தக் காட்டன்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ரயில் தெரியாமல் ரயிலை எதிர்த்தவர் இல்லை.

1878இல் இந்தியப் பொதுப்பணிகளை விசாரிக்க ஜார்ஜ் ஹாமில்டன் பிரபு தலைமையில் நாடாளுமன்றத் தேர்வுக் குழு அமர்ந்தது. எழுபத்தைந்து வயதுக் காட்டன் அதன்முன் சாட்சி சொன்னார். இந்தியாவின் நதிகளையெல்லாம் படகு போகும் கால்வாய்களால் இணைக்க வேண்டும் என்ற தன் பெரிய திட்டத்தை அங்கே வைத்தார். குழுவோ பேரேட்டைத் திறந்தது. கர்நூலில் என்ன ஆனது? ஒரிசாவில் என்ன ஆனது? தஞ்சாவூரிலும் கோதாவரியிலும் நீங்கள் காட்டும் லாபத்தில் பழைய வாய்க்கால்களின் பங்கு எவ்வளவு? கேள்வி சரியான கேள்விதான். ஆனால் அது கேட்கப்பட்ட நேரம்? கருணையைக் கணக்காக்கிச் சொல்லி அவர் ஜெயித்த அதே தராசை எடுத்து, பஞ்சத்தின் பிணங்களுக்கு நடுவே, அவரையே நிறுத்தார்கள். குழு அவர் பக்கம் சாயவில்லை.

அவர் வேறு பாஷையில் பேசியிருக்க முடியுமா என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். 1844இல் வேறு பாஷையில் பேசியிருந்தால் கோதாவரியில் ஒரு கல்கூட விழுந்திருக்காது. அந்த அளவில் அவர் செய்தது சரி. ஆனால் ஒரு கால்வாயின் மதிப்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை, மழை பொய்க்கிற அந்த ஒரு வருடத்தில்தான் முழுதாகத் தெரியும். வருடாந்தர வட்டியில் அதை அளக்கவே முடியாது. காட்டனுக்கு இது தெரியும். தெரிந்தும் நூற்றுக்கு இத்தனை என்கிற கணக்கை அவரால் விட முடியவில்லை. கடைசிவரை, நீங்கள் கணக்கைத் தப்பாகப் போடுகிறீர்கள், சரியாகப் போட்டால் லாபம்தான் என்றே வாதாடினார். லாபம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும் என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் அவர் வேறொரு மனிதராக நினைவில் நின்றிருப்பார் என்று தோன்றுகிறது. அதை அரசாங்கமே, அவருடைய பெயரைச் சொல்லாமல், கொஞ்சம்போல ஒப்புக்கொண்டது. 1880இல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, லாபத்தை எதிர்பார்க்காமல் பஞ்சத் தடுப்புக்காகவே செய்யும் பாசன வேலைகள் என்று ஒரு தனி இனம் வகுக்கப்பட்டது. காட்டனுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கிளறிக் கோதுமை பயிரிட்டு, விளைச்சலை எப்படிப் பெருக்குவது என்று எண்பது வயதுக்கு மேல் ஆராய்ந்துகொண்டிருந்தார். மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பி மதுரைச் சீமைக்குப் பென்னிகுயிக் தண்ணீர் கொண்டுவந்த 1895ஆம் வருடம் அவருக்கு 92 வயது. பென்னிகுயிக்கும் மதராஸ் பொறியாளர் படையின் ஆள், அவரும் போர் பார்த்தவர். தேனிப் பக்கம் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் காட்டனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கோதாவரிக் கரையில் அவர் அபர பகீரதன். எங்களுக்குக் கரிகாலன் போதும் என்று இருந்துவிட்டோம் போலும். காட்டனே அதை மறுத்திருக்க மாட்டார்.

அவருடைய வாழ்க்கையை 1900இல் புத்தகமாக எழுதியவர் மகள் எலிசபெத், ஹோப் சீமாட்டி. சாகும் தருவாயில் டார்வின் பைபிள் படித்துக்கொண்டிருந்தார் என்று பிற்காலத்தில் அவர் சொன்ன கதையை டார்வினின் பிள்ளைகள் அடியோடு மறுத்தார்கள். அப்பாவைப் பற்றிய புத்தகத்தையும் ஆகவே ஒரு கண் விழித்தபடியே படிக்க வேண்டும். அதில் மகளின் வழிபாடு நிறைய இருக்கிறது. பஞ்சமும் பாசனமும் பற்றி டிக்பி எழுதிச் சேர்த்த பகுதிதான் எலும்பு.

அந்தப் புத்தகத்திலும் இல்லாத, எந்தச் சிலையின் அடியிலும் பொறிக்கப்படாத ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க என்னால் முடியாது. மேலணைத் தண்ணீர் யாருக்குப் போனது? மிராசுதாரின் நிலத்துக்குப் போனது. அந்த நிலத்தில் சேற்றில் நின்ற பண்ணையாளுக்கும் படியாளுக்கும் தண்ணீரோடு சேர்ந்து உரிமை எதுவும் வரவில்லை. விளைச்சல் ஏறியது, வரி ஏறியது, மிராசுதாரின் வீடு உயர்ந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குக் கூலியாகப் போன தஞ்சாவூர்க்காரர்களின் எண்ணிக்கையும் அதே பத்தாண்டுகளில்தான் பெருகியது. பஞ்சம் இல்லாத டெல்டாவிலிருந்து ஜனங்கள் ஏன் ஓடினார்கள் என்று காட்டனின் கணக்கு கேட்கவில்லை. கூலி உயர்வு கேட்ட தகராறில் 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்துபோன 44 பேரும் காவிரிப் பாசனத்தில் வேலை செய்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தான். ஆற்றைத் திருப்புவது ஒரு பொறியாளரால் முடிகிற காரியம். மடையைத் தாண்டித் தண்ணீர் யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்பது அவர் கையில் இல்லை. அதற்காக அவரைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அவரைப் பாராட்டுகிற பேச்சில் இந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடுவதை ஒப்புக்கொள்ளவும் தயாரில்லை.

2018 ஆகஸ்ட் 22 இரவு, பெருவெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது, முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் தூண்களோடு அடித்துக்கொண்டு போயின. காட்டன் போட்ட சுவரின்மேல் பிற்காலத்தில் எழுப்பிய தூண்களும் கதவுகளும் அவை. ஆற்றில் கணக்கில்லாமல் மணல் அள்ளியதுதான் காரணம் என்று டெல்டா விவசாயிகள் சொன்னார்கள். அதிகாரிகள் வயதைச் சொன்னார்கள். இப்போது அங்கே புதிய கதவணை இருக்கிறது. மணலில் நிற்கக் கற்றுக்கொண்ட ஒரு தொழிலின் முன்னால் இன்றுள்ள கேள்வி, மணலே இல்லாத ஆற்றில் எப்படி நிற்பது என்பது. லாரிக்கு இவ்வளவு என்று மணலுக்கு விலை போடத் தெரிந்த கணக்கு, அது ஆற்றிலேயே கிடப்பதற்கு என்ன விலை என்று இன்னும் போடப் பழகவில்லை.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 1878 குழுவின் முன் காட்டன் சொன்ன சாட்சியமும், அவரிடம் கேட்ட குறுக்குக் கேள்விகளும், எதிர்த்தரப்பின் சாட்சியங்களும் ஒரே நூலாகத் தமிழில் நல்ல பதிப்பாக வர வேண்டும். நதிநீர் இணைப்பு என்று யாராவது பேசத் தொடங்கினாலே காட்டன் அன்றே சொன்னார் என்று முடித்துவிடுகிறோம். அவர் என்ன சொன்னார், எந்தக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை, எந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்கவே கூடாது என்பதைப் பொறியியல் மாணவர்களும் டெல்டா விவசாயச் சங்கங்களும் வரிக்கு வரி படித்துச் சண்டை போட வேண்டும். பதிப்பிக்க முன்வருகிறவர்கள் இருந்தால், மொழிபெயர்ப்பில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.